வீங்கிய காலும் காற்றழுத்தப் பம்பும்



உங்கள் உறவினருள் ஒரு பெரியம்மாவையோ மாமியையோ நினைத்துப் பாருங்கள். கல்யாண வீட்டிற்கு எல்லோரும் புறப்படும் வேளையில், "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பார்த்துக்கிறேன்" என்று ஒதுங்கிக் கொள்வார். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் இல்லை. வீங்கிய காலுக்குச் செருப்பு நுழையாது. நாலு பேர் முன்னால் அந்தக் காலோடு நடக்கக் கூச்சம். அதுதான் உண்மைக் காரணம்.

இன்னொரு வீட்டில், மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு மூன்று ஆண்டுகள் நலமாக இருந்த சகோதரி ஒருவருக்கு ஒரு நாள் வளையல் இறுகுகிறது. மோதிரம் கழல மறுக்கிறது. நோய் திரும்பிவிட்டதோ என்னும் அச்சத்தில் வீட்டாரிடமும் சொல்லாமல், தளர்வான அங்கிக்குள் அந்தக் கையை மறைத்துக்கொள்கிறார்.

இப்படிப்பட்ட வீடுகளுக்கு யாரேனும் ஒருவர் ஒரு செய்தியைக் கொண்டு வருகிறார்: "ஒரு மெஷின் வந்திருக்காம். காலை உள்ளே விட்டுக்கிட்டா, காற்றடிச்சு நீரை எல்லாம் இறக்கிடுமாம்." நகையை அடகு வைத்தேனும் வாங்கிவிடலாமா என்று குடும்பம் யோசிக்கத் தொடங்குகிறது.

வாங்கலாமா, வேண்டாமா? விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். காற்றழுத்தப் பம்பு பொய்யான கருவியன்று. முறையறிந்து பயன்படுத்துவோருக்கு அது நல்ல துணை. ஆனால் அது துணை மட்டுமே. பம்பை மட்டும் நம்பி மற்றவற்றைக் கைவிடுவோர், இறங்கிய வீக்கம் மீண்டும் ஏறுவதைக் கண்டு மனம் உடைந்து போவார்கள். ஏன் இப்படி என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

உடலின் வடிகால்

காவிரிப் பாசனப் பகுதியில் பிறந்தவர்களுக்கு இதை எளிதில் விளக்கிவிடலாம். வயலுக்கு நீர் கொண்டு வருவது வாய்க்கால். பயிர் குடித்தது போக மிஞ்சும் நீரை வெளியேற்றுவது வடிகால். வாய்க்கால் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் வடிகால் தூர்ந்து போனால் வயலில் நீர் தேங்கும், பயிர் அழுகும்.

நம் உடலிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. இரத்த நாளங்கள் வாய்க்கால்கள். அவற்றின் நுண்ணிய கிளைகளிலிருந்து நீரும் சத்துகளும் கசிந்து தசைகளையும் தோலையும் நனைக்கின்றன. மிஞ்சும் நீரையும், அதில் கலந்துள்ள புரதத்தையும், கிருமிகளையும், கழிவுகளையும் திரட்டி மீண்டும் இரத்தத்தில் சேர்ப்பவை நிணநீர் நாளங்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 முதல் 3 லிட்டர் வரை நிணநீர் இவ்வாறு திரும்பிச் செல்கிறது. வழிநெடுகிலும் நிணநீர்க் கணுக்கள் காவல் நிற்கின்றன. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் 'நெறி கட்டியிருக்கிறது' என்கிறோமே, அந்த நெறிதான் இக்கணு. டென்மார்க்கைச் சேர்ந்த தாமஸ் பார்த்தோலின் என்னும் உடற்கூற்று அறிஞர் 1653இல் இந்நாளங்களைத் தனியோர் அமைப்பாக விவரித்து அவற்றுக்குப் பெயரும் சூட்டினார்.

இரத்தத்தைத் தள்ள இதயம் இருக்கிறது. நிணநீரைத் தள்ள அப்படித் தனியொரு பெரிய உறுப்பு இல்லை. நாளங்களின் மெல்லிய சுருக்கமும், நாம் நடக்கும்போது இயங்கும் தசைகளின் அழுத்தமும், மூச்சின் ஏற்ற இறக்கமுமே அதை மேலே ஏற்றுகின்றன. இதை நினைவில் வையுங்கள், பின்னால் பயன்படும்.

வடிகால் ஏன் தூர்கிறது?

நம் நாட்டில் நெடுங்காலமாக முதற்காரணமாக விளங்கியது யானைக்கால் நோய். சாக்கடைகளிலும் தேங்கிய அழுக்கு நீரிலும் பெருகும் கியூலெக்ஸ் கொசு, நூல் போன்ற புழுக்களின் இளம் உருக்களை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரப்புகிறது. வளர்ந்த புழுக்கள் நிணநீர் நாளங்களுக்குள்ளேயே பல ஆண்டுகள் குடியிருந்து அவற்றைச் சீர்குலைத்துவிடுகின்றன. இந்நோயை ஒடுக்க இந்திய அரசு 1955இல் தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 2004 முதல், நோய் பரவிய மாவட்டங்களில் மக்கள் அனைவருக்கும் ஆண்டுதோறும் டி.இ.சி. மாத்திரை வழங்கும் முறை நாடளவில் நடைமுறைக்கு வந்தது. அண்டை நாடான இலங்கை இந்நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்னும் நிலையிலிருந்து நீக்கிவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது.

ஆயினும் ஓர் உண்மையை நாம் மறந்துவிடக் கூடாது. இம்மாத்திரை கிருமியை ஒழிக்கும். நோய் பரவுவதைத் தடுக்கும். ஏற்கெனவே தூர்ந்துபோன வடிகாலை அது திறந்துவிடாது. அதனால்தான் கிருமி ஒழிந்த பிறகும் பலருக்குக் கால் வீக்கம் எஞ்சி நிற்கிறது.

இரண்டாவது காரணம் புற்றுநோய்ச் சிகிச்சை. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களை அகற்றும்போதும், அவ்விடத்தில் கதிர்வீச்சு கொடுக்கும்போதும் கையின் வடிகால் பாதிக்கப்படுகிறது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியான கட்டுரையொன்று, இச்சிகிச்சை பெற்ற பெண்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குக் கை வீக்கம் வருவதாகக் கணக்கிட்டது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குப் பின் இதே காரணத்தால் காலில் வீக்கம் வரலாம். இவை தவிர, பிறவியிலேயே நிணநீர் நாளங்கள் குறைவாக அமைந்தவர்களும் இருக்கிறார்கள்.

வீக்கத்தின் படிகள்

தொடக்கத்தில் மாலையில் வீங்கும் கால் காலையில் வடிந்திருக்கும். விரலால் அழுத்தினால் குழி விழும். உயர்த்தி வைத்தால் குறையும். இதுவே முதற்படி. பெரும்பாலோர் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் சிகிச்சை மிக நன்றாகப் பலன் தரும் காலம் இதுதான்.

இரண்டாம் படியில் காலை உயர்த்தி வைத்தாலும் வீக்கம் முழுமையாக வடியாது. தேங்கிய புரதம் திசுக்களை உறுத்தி, உள்ளே நார்போல் இறுகச் செய்கிறது, கொழுப்பும் சேர்கிறது. மூன்றாம் படியில் தோல் தடித்து, மடிப்புகளும் பரு போன்ற முண்டுகளும் தோன்றுகின்றன. நாம் 'யானைக்கால்' என்று அழைப்பது இந்த நிலையைத்தான்.

வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்று உண்டு. கால் பெருவிரலுக்கு அடுத்த விரலின் அடிப்பகுதித் தோலை இரு விரல்களால் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். மடிப்பாகத் தூக்க இயலாவிட்டால் அது நிணநீர் வீக்கமாக இருக்க வாய்ப்பு மிகுதி. தூக்க முடிந்தால் நோயே இல்லை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. இரு கால்களும் ஒருசேர வீங்கினால் இதயம், சிறுநீரகம், ஈரல் ஆகியவற்றின் கோளாறாக இருக்கலாம். திடீரென ஒரு கால் மட்டும் வலியோடு வீங்கினால் நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம். புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றவருக்குப் புதிதாக வீக்கம் தோன்றினால் நோய் திரும்பவில்லை என்பதை மருத்துவர் உறுதி செய்தாக வேண்டும். ஆகவே எந்தக் கருவியையும் தேடுவதற்கு முன் நோய் இன்னதென்று அறிவதே முதற்கடமை.

பம்பு எப்படி வேலை செய்கிறது?

முழங்கால் வரையோ தொடை வரையோ நீளும் பெரிய காலுறை போன்ற உறை ஒன்று; அதைச் சிறு குழாய்களால் மின்பம்புடன் இணைத்திருப்பார்கள். கைக்கும் தனி உறை உண்டு. பழைய கருவிகளில் உறை முழுவதும் ஒரே அறையாக இருந்தது. காற்று நிறைந்ததும் எல்லாப் பக்கமும் ஒரே சீராக அழுத்துமாதலால், நீர் மேலேயும் போகும், கீழேயும் இறங்கும். இப்போதைய கருவிகளின் உறைகள் பல அறைகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. முதலில் பாதத்து அறை நிறைகிறது, அடுத்துக் கணுக்கால், பிறகு கெண்டைக்கால், இப்படியே மேல்நோக்கிச் செல்கிறது. கீழ் அறைகள் இறுகியே இருப்பதால் நீர் பின்வாங்க வழியில்லை. எல்லா அறைகளும் நிறைந்தபின் காற்று வெளியேறிக் கால் தளர்கிறது. மீண்டும் பாதத்திலிருந்து தொடங்குகிறது. பற்பசைக் குழாயை அடியிலிருந்து சுருட்டிக்கொண்டு வருவது போன்றதே இதுவும்.

ஒருமுறைக்கு 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை பயன்படுத்துவது பொதுவான வழக்கம். அழுத்தம் பெரும்பாலும் பாதரச அளவில் 30 முதல் 60 மில்லிமீட்டருக்குள் வைக்கப்படுகிறது.

செய்வதும் செய்யாததும்

இனி நாம் கவனிக்க வேண்டிய செய்திக்கு வருவோம். பம்பு முதன்மையாக நீரையே நகர்த்துகிறது. திசுக்களில் தேங்கிய புரதத்தை அவ்வளவாக அகற்றுவதில்லை. எஞ்சிய புரதம் மீண்டும் நீரை ஈர்த்துக்கொள்ளும். உறையைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு எழுந்து நடமாடினால் வடிந்த நீர் மாலைக்குள் திரும்பிவிடும். வடிகாலைச் சீர்செய்யாமல் வயல் நீரை இறைத்துவிட்டுக் கரை கட்டாமல் வீட்டிற்குப் போவதைப் போன்றது அது.

கரை கட்டுவது எது? பம்பைக் கழற்றியவுடன் சுற்றும் கட்டும், பகல் முழுவதும் அணியும் அழுத்தக் காலுறை அல்லது கையுறையுமே. 1892இலேயே அலெக்சாண்டர் ஃபான் வினிவார்ட்டர் என்னும் ஆஸ்திரிய அறுவை மருத்துவர், உயர்த்தி வைத்தல், மெல்லத் தடவுதல், அழுத்திக் கட்டுதல் ஆகியவற்றைச் சேர்த்துச் செய்யும் முறையை எடுத்துரைத்தார். 1930களில் டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர் நிணநீரை வழிப்படுத்தும் மென்மையான கைத்தடவல் முறையை வகுத்தார். தோல் பராமரிப்பு, கைத்தடவல், கட்டு, உடற்பயிற்சி ஆகிய நான்கும் சேர்ந்த சிகிச்சையே இன்றும் அடிப்படை. பம்பு அதனுடன் சேர்க்கப்படும் ஐந்தாவது கை.

அந்த ஐந்தாவது கை எவ்வளவு உதவுகிறது? அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் 2002இல் வெளியிட்ட சிறு ஆய்வில், அடிப்படைச் சிகிச்சையோடு பம்பும் பயன்படுத்திய பெண்களுக்குக் கை வீக்கம் சராசரியாக 45 விழுக்காடு குறைந்தது. பம்பு இல்லாதோர்க்கு 26 விழுக்காடு. பிற்காலத்தில் பல ஆய்வுகளை ஒருங்கே வைத்து நோக்கியவர்களுள் சிலர், பம்பு சேர்ப்பதால் கூடுதல் பலன் உறுதிப்படவில்லை என்று கூறினர். ஆக, சிலருக்கு நல்ல துணை. எல்லோருக்கும் இன்றியமையாதது அன்று. சிகிச்சையாளரை அடிக்கடி நாட முடியாத தொலைவில் இருப்போர், குனிந்து கட்டுப் போட இயலாத முதியோர், நாள் முழுவதும் உட்கார்ந்தே இருக்க நேர்ந்தோர் ஆகியோருக்கு இதனால் பயன் மிகுதி.

அழுத்தம் கூடினால் பலன் கூடுமா?

"இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தால் சீக்கிரம் வடியுமே" என்று அழுத்தத்தை ஏற்றுவோர் உண்டு. இது ஆபத்து. மிகுந்த அழுத்தம் மெல்லிய நிணநீர் நாளங்களையே சிதைக்கலாம். இறுகித் தடித்த கால்களுக்குக் குறைந்த அழுத்தம் போதாது என்று போலந்தின் ஓல்ஷெவ்ஸ்கி குழுவினர் வாதிட்டு, 100 முதல் 120 மில்லிமீட்டர் வரை அழுத்தம் கொடுத்து மூன்றாண்டுகள் கவனித்த முடிவுகளை 2014இல் வெளியிட்டது உண்மைதான். ஆனால் அது வல்லுநர் மேற்பார்வையில் 18 நோயாளிகளிடம் செய்யப்பட்டது. வீட்டில் நாமாகச் செய்து பார்ப்பதற்கு அது சான்றாகாது.

இன்னொரு செய்தியைக் கூச்சம் பாராமல் சொல்லியாக வேண்டும். காலிலிருந்து தள்ளப்படும் நீர் அடிவயிற்றுப் பகுதியைத் தாண்டிச் செல்ல வழியில்லாவிடில் மறைவிடத்தில் தேங்கிவிடலாம். 1998இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், கால் வீக்கத்துக்குப் பம்பு பயன்படுத்திய 53 பேரில் 23 பேருக்கு இவ்வாறு நேர்ந்திருந்தது. பம்பு தொடங்கியபின் தொடையின் மேற்பகுதியிலோ மறைவிடத்திலோ வீக்கமோ கனமோ தோன்றினால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். சகோதரிகள் பெண் மருத்துவரிடமேனும் சொல்லத் தயங்கக் கூடாது.

யார் பயன்படுத்தக் கூடாது?

கால் நாளத்தில் புதிதாக இரத்தம் உறைந்திருப்போர், கட்டுப்படாத இதய பலவீனம் உடையோர், காலுக்குச் செல்லும் இரத்த ஓட்டம் மிகக் குறைந்தோர், கால் சிவந்து சூடேறிக் காய்ச்சலும் உள்ளோர் ஆகியோர் பம்பை அணுகவே கூடாது. அப்பகுதியில் புற்றுநோய் இன்னும் தீராதிருப்போர் தம் மருத்துவரின் இசைவு பெற்ற பின்னரே பயன்படுத்த வேண்டும். நீரிழிவால் கால் மரத்துப் போனவர்களுக்கு உறை அழுத்திப் புண்ணாக்குவதும் தெரியாது. அவர்களுக்கு இரட்டைக் கவனம் தேவை.

வாங்குவதற்கு முன்

விற்பவரின் வாக்கை நம்பிப் பணம் கட்டாதீர்கள். மருத்துவமனையிலோ இயன்முறைச் சிகிச்சையாளரிடமோ சில நாட்கள் பயன்படுத்திப் பார்த்து, காலின் சுற்றளவை நாடாவால் அளந்து எழுதி வையுங்கள். உறை பல அறைகள் கொண்டதா, அழுத்தத்தை அளவோடு வைக்க முடியுமா, உங்கள் கால் அளவுக்கு உறை கிடைக்குமா, பழுதானால் சரிசெய்ய ஆள் உண்டா என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அழுத்தக் காலுறை வாங்கவும், தேய்ந்து தளர்ந்தபோது மாற்றவும் கையில் பணம் மிஞ்சுமா என்று கணக்கிடுங்கள். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் உண்டென்றால் காலுறையையே தேர்ந்தெடுங்கள். "முற்றிலும் குணமாகும்" என்று எவரேனும் உறுதி கூறினால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுவதே நல்லது.

செலவில்லாத சிகிச்சை

இந்நோயாளிகளை அடிக்கடி படுக்கையில் தள்ளுவது குளிரும் காய்ச்சலும் நெறியுமாக வரும் தாக்குதல்தான். தோல் வெடிப்புகள், விரலிடுக்குப் புண்கள் வழியே நுழையும் கிருமிகளே அதற்குக் காரணம். ஒவ்வொரு தாக்குதலும் வீக்கத்தை ஒரு படி கூட்டிவிட்டே போகிறது. அதைத் தடுக்கச் சோப்பும் தண்ணீரும் சுத்தமான துணியும் போதும். தினமும் காலை மென்மையாகக் கழுவி, விரலிடுக்குகளை ஒற்றித் துடைத்து, வெடிப்புக்கு மருந்திடுங்கள். ஐவேளையும் ஒளூச் செய்வோர் கால்களைக் கழுவிய பின் விரலிடுக்கின் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுப்பதை வழக்கமாக்கிக் கொள்ளட்டும். தங்கும் ஈரமே சேற்றுப்புண்ணுக்கு வாசல். வெறுங்காலோடு நடக்க வேண்டாம். வீங்கிய காலில் கீறுதல், அட்டை விடுதல், ஹிஜாமா போன்றவற்றையும் தவிர்த்துவிடுங்கள். சிறு கீறலும் கிருமிக்குக் கதவைத் திறந்துவிடும்.

அசையாதிருப்பதும் தவறு. தசை இயங்கினால்தான் நிணநீர் நகரும் என்று முன்னர்க் கண்டோம். காலுறை அணிந்து நடப்பதும், கணுக்காலை மேலும் கீழும் அசைப்பதும், ஆழ்ந்து மூச்சிழுப்பதும் இயற்கையான பம்புகள். கை வீக்கமுள்ள பெண்கள் எடையே தூக்கக் கூடாதென்று முன்பு சொல்வார்கள். 141 பெண்களிடம் ஓராண்டு நடத்தி 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வு, பயிற்றுநர் துணையோடு சிறிது சிறிதாகக் கூட்டிச் செய்த எடைப்பயிற்சி வீக்கத்தைக் கூட்டவில்லை என்று காட்டியது.

ஹஜ், உம்ராப் பயணம் செல்வோர் நீண்ட விமானப் பயணத்திலும் அழுத்தக் காலுறையைக் கழற்ற வேண்டாம். இஹ்ராம் நிலையில் ஆண்கள் அதை அணிவது குறித்துப் புறப்படும் முன்பே ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறட்டும். மருத்துவர் எழுதித் தரும் கிருமிக்கொல்லி மாத்திரைகளையும் உடன் எடுத்துச் செல்லட்டும்.

இறுதியாக ஒரு வார்த்தை

இந்நோய்க்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் வேண்டும். கழுவவும், துடைக்கவும், கட்டவும் இன்னொருவரின் கையும் வேண்டும். எத்தனை விலை கொடுத்து வாங்கிய பம்பும் அந்தக் கைக்கு ஈடாகாது. உங்கள் வீட்டுப் பெரியம்மா அடுத்த கல்யாணத்திற்கு "நான் வரவில்லை" என்று சொல்லும்போது, அவர் அருகில் அமர்ந்து காலைப் பாருங்கள். நாடாவை எடுத்து அளந்து எழுதுங்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பம்பு வேண்டுமா வேண்டாமா என்பதை அதன்பின் முடிவு செய்யலாம். முதலில் அந்தக் கால் மறைவிலிருந்து வெளியே வரட்டும்.